"முகப்பு" என்று தேடி யாரும் வரமாட்டார்கள்
வாசகர் கேள்வி – பதில்

இணையத்தளம் பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தைத்தான் சுற்றுகின்றன. கூகுளில் தேடினால் வருகிற நீல நிறத் தலைப்பு, அதன் கீழே வருகிற இரண்டு வரி. அதனால் இந்த முறை அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருந்ததால் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். நீண்ட கடிதங்களைச் சுருக்கியதற்குக் கோபிக்க வேண்டாம்.

கேள்வி (உப்புவெளி): ஆறு அறை உள்ள சிறிய கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறோம். மருமகன் வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் ஒரு தளம் செய்து தந்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். எங்கள் பெயரைப் போட்டுத் தேடினால் தளம் வருகிறது, ஆனால் தலைப்பில் "முகப்பு" என்றுதான் இருக்கிறது. மற்றப் பக்கங்கள் "அறைகள்", "எங்களைப் பற்றி", "தொடர்பு". உப்புவெளியில் தங்க இடம் என்று தேடினால் எங்களைக் காணவே இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: "முகப்பு" என்று தேடி யார்தான் அறை பிடிக்கப் போகிறார்கள்? "தொடர்பு" என்ற தலைப்பில் உலகம் முழுக்க எத்தனை கோடிப் பக்கங்கள் இருக்குமோ, அதில் உங்களுடையதும் ஒன்று.

ஒவ்வொரு பக்கத்துக்கும் உள்ளே, பார்ப்பவர் கண்ணில் படாத ஒரு பகுதி இருக்கிறது. அதில் டைட்டில் என்று ஒரு வரி. பிரவுசரின் டேப்பில் தெரிவது அதுதான், கூகுள் தன் முடிவுகளில் நீலத் தலைப்பாகப் பெரும்பாலும் காட்டுவதும் அதைத்தான். பக்கத்தைத் திறந்தவுடன் பெரிய எழுத்தில் தெரிகிற தலைப்பு வேறு, இது வேறு. வேர்ட்பிரஸில் பக்கத்துக்கு என்ன பெயர் வைக்கிறோமோ பெரும்பாலும் அதுவே டைட்டிலுக்கும் போய்விடும். மருமகன் மெனுவில் அழகாக இருக்கட்டும் என்று ஒற்றைச் சொல்லில் பெயர் வைத்திருக்கிறார். மெனுவுக்கு அது சரி, தேடலுக்குத்தான் சரியில்லை.

யோஸ்ட், ரேங்க் மாத் போன்ற ஒரு பிளக்இன் (வேர்ட்பிரஸோடு சேர்த்துப் போடுகிற சிறு மென்பொருள்) இருந்தால் பக்கத்தை எடிட் செய்யும் இடத்திலேயே எஸ்இஓ டைட்டில் (தேடலுக்கான தலைப்பு), மெட்டா டிஸ்கிரிப்ஷன் (அதன் கீழே வருகிற இரண்டு வரிக்கானது) என்று இரண்டு பெட்டிகள் கிடைக்கும். ஒரு பிளக்இன் போதும். இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஒரே பக்கத்தில் இரண்டு டிஸ்கிரிப்ஷன் வந்து குழப்பும். பக்கத்தின் பெயரை மாற்ற வேண்டாம், மெனு கலையும். அந்தப் பெட்டிகளில் மட்டும் எழுதுங்கள்.

என்ன எழுதுவது? என்ன பொருள், எந்த ஊர், யாருடையது, இந்த ஒழுங்கில். முகப்புக்கு "உப்புவெளி கடற்கரையில் குடும்ப கெஸ்ட் ஹவுஸ்" என்று எழுதி, ஒரு கோடு போட்டு, பிறகு உங்கள் பெயர். பெயரைக் கடைசியில் வைக்கச் சொல்வதற்குக் காரணம், உங்கள் பெயர் தெரிந்தவர் எப்படியும் உங்களைக் கண்டுபிடித்துவிடுவார், தெரியாதவரைத்தான் பிடிக்க வேண்டும். தவிர 2022 இலிருந்து கூகுள் தளத்தின் பெயரைத் தலைப்புக்கு மேலே தனியாகவும் காட்டத் தொடங்கிவிட்டது, ஆகவே பெயர் காணாமல் போய்விடுமே என்ற பயம் வேண்டாம். அறைகள் பக்கத்துக்கு "ஏசி அறை, குடும்ப அறை வாடகை – உப்புவெளி". தொடர்புப் பக்கத்துக்கு "திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து வரும் வழி, தொலைபேசி". இரவு பஸ்ஸில் கொழும்பிலிருந்து வந்து விடியற்காலை இறங்குகிற ஆளுக்கு அந்தப் பக்கம்தான் முதலில் தேவை. "எங்களைப் பற்றி" பக்கத்தில் மெனக்கெட வேண்டாம், அதைத் தேடி வருபவர்கள் குறைவு.

"சிறந்த", "முன்னணி", "நம்பர் 1" எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இடம்தான் வீண். அதைப் படித்து நம்பி வந்தவர் யாரும் இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். டைட்டிலைத் திருத்தியவுடன் "உப்புவெளி ஹோட்டல்" என்ற தேடலில் மேலே வந்துவிட மாட்டீர்கள். அங்கே அறை பதிவு செய்கிற பெரிய தளங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன, அவற்றோடு நேருக்கு நேர் மோதி ஆறு அறைக் காரர் வெல்வது கஷ்டம். ஆனால் கோணேசர் கோயிலுக்கு வான் பிடித்து வருகிற குடும்பம் என்ன தேடும் என்று யோசியுங்கள். மரக்கறிச் சாப்பாடு, வான் நிறுத்த இடம், ஒரே அறையில் ஐந்து பேர். இதற்கெல்லாம் ஒரு பக்கம் எழுதி, அதற்கு நேரான டைட்டிலும் கொடுத்தால் உங்களுக்கு இடம் இருக்கிறது. பெரிய தளங்கள் இந்த அளவுக்கு இறங்கி எழுதுவதில்லை.

டிஸ்கிரிப்ஷனைப் பொறுத்தவரை, இப்போது உங்கள் முகப்பில் "எங்கள் இணையத்தளத்துக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். வந்த பிறகு வரவேற்கலாம், இது வருவதற்கு முன்னால் படிக்கிற வரி. இப்படி மாற்றிப் பாருங்கள்: "கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் 6 அறைகள். வீட்டுச் சாப்பாடு, வான் நிறுத்த இடம். கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போக வாகன ஏற்பாடு." இதில் அலங்காரம் ஒன்றும் இல்லை. தேடுபவர் மனதில் இருக்கிற நாலு கேள்விக்குப் பதில் இருக்கிறது.

கேள்வி (கிண்ணியா): தையல் கடையும் துணிக்கடையும் சேர்த்து நடத்துகிறேன். ஒருவர் வந்து எங்கள் தளத்தில் ஐம்பது கீவேர்டுகளை மெட்டாவில் போட்டு முதல் பக்கத்தில் முதல் இடம் எடுத்துத் தருகிறேன், உத்தரவாதம் என்கிறார். பாதிக் காசு முற்பணம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், தங்கச்சி.

கீவேர்டு மெட்டா டேக்கை, அதாவது தேடல் சொற்களை அடுக்கி வைக்கிற கண்ணில் படாத வரியை, தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. ஐம்பது போட்டாலும் ஐந்நூறு போட்டாலும் ஒன்றுதான். இதைக்கூடத் தெரியாதவரிடம் வேலை கொடுப்பது ஒரு தப்பு, தெரிந்தும் விற்பவரிடம் கொடுப்பது அதைவிடப் பெரிய தப்பு. முதல் இடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்பதும் கூகுளே எழுதி வைத்திருக்கிற விஷயம்.

டிஸ்கிரிப்ஷனும் தரவரிசையை ஏற்றாது என்பதைச் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பலர் அதிலும் "அபாயா, சுடிதார், சட்டை, அபாயா விலை, மலிவு அபாயா" என்று அடுக்கி வைக்கிறார்கள். அது மனிதர் படிப்பதற்கு. படிப்பவருக்குப் பிடித்தால் அழுத்துவார், பிடிக்காவிட்டால் அடுத்ததற்குப் போவார், அவ்வளவுதான் அதன் வேலை. டைட்டிலில் உள்ள சொற்கள் அப்படியல்ல, பக்கம் எதைப் பற்றியது என்று கூகுள் புரிந்துகொள்ள அவை உதவுகின்றன. அதற்காக அங்கேயும் அடுக்கினால், கூகுள் அதைத் தூக்கிவிட்டுத் தனக்குப் பிடித்த தலைப்பைப் போட்டுக்கொள்ளும்.

அந்த முற்பணக் காசில் கடை முகப்பையும் தைத்த உடைகளையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுப்பியுங்கள். கூகுள் மேப்ஸில் கடையைப் பதிவு செய்யக் காசு இல்லை. கிண்ணியாவுக்குள் தையல் கடை தேடுபவருக்கு உங்கள் தளத்தைவிட அந்தப் பதிவுதான் முதலில் கண்ணில் படும். பதிவில் கடையின் உண்மையான பெயரை மட்டும் எழுதுங்கள், பெயருக்குப் பின்னால் "மலிவு விலை அபாயா" என்று வால் ஒட்டினால் பதிவையே முடக்கிவிடக் கூடும்.

கேள்வி (மூதூர்): பாடசாலைப் பழைய மாணவர் சங்கத்தின் தளத்தை நான்தான் பார்க்கிறேன். டிஸ்கிரிப்ஷன் எல்லாம் யோசித்து எழுதினேன். ஆனால் கூகுளில் நான் எழுதியது வருவதில்லை, பக்கத்தின் நடுவிலிருந்து ஏதோ இரண்டு வரியை எடுத்துப் போடுகிறது. சில பக்கங்களில் டைட்டிலையும் மாற்றிவிடுகிறது. நான் என்ன பிழை விட்டேன்?

பதில்: பெரும்பாலும் பிழை ஒன்றும் இருக்காது. நீங்கள் எழுதுவது கூகுளுக்கு ஒரு பரிந்துரை. கட்டளை என்று நினைத்தால்தான் வயிறு எரியும்.

கீழே வருகிற இரண்டு வரியைக் கூகுள் முதலில் எடுக்கப் பார்ப்பது பக்கத்தின் உள்ளே இருந்துதான். உங்கள் டிஸ்கிரிப்ஷன் பக்கத்தை அதைவிட நன்றாக விளக்குகிறது என்று தோன்றினால் அதை எடுக்கும். இது தேடுகிற சொல்லைப் பொறுத்தும் மாறும். ஒருவர் சங்கத்தின் பெயரைத் தேடினால் நீங்கள் எழுதியது வரலாம், இன்னொருவர் "புலமைப்பரிசில் விண்ணப்பம்" என்று தேடினால், பக்கத்தின் நடுவில் அந்தச் சொல் இருக்கிற வரியை அவருக்குக் காட்டும். யோசித்துப் பார்த்தால் அது உங்களுக்கும் நல்லதுதான், அவர் தேடியது உங்களிடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஆகவே ஒரே ஒரு தேடலை வைத்துக்கொண்டு "என்னுடையது வரவில்லை" என்று முடிவு கட்ட வேண்டாம்.

டைட்டில் விஷயம் கொஞ்சம் வேறு. 2021 ஆகஸ்டில் கூகுள் தலைப்பு உருவாக்கும் முறையையே மாற்றியது, அப்போது நிறையப் பேர் கத்தினார்கள், பிறகு அடுத்த மாதமே அதைச் சரிப்படுத்தி, நூற்றுக்கு 87 தடவை பக்கத்தின் டைட்டிலையே பயன்படுத்துகிறோம் என்று அறிவித்தது. மிச்சத்தில் எங்கிருந்து எடுக்கிறது என்றால், பக்கத்தின் பெரிய தலைப்பு, மற்றத் துணைத் தலைப்புகள், வேறு பக்கங்களிலிருந்து உங்களுக்கு வரும் இணைப்பில் உள்ள சொற்கள், இப்படி. எப்போது மாற்றுகிறது? டைட்டில் வெறுமையாக இருந்தால், எல்லாப் பக்கத்திலும் ஒரே டைட்டில் இருந்தால், ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால், டைட்டில் ஒன்றும் பக்கம் வேறொன்றும் சொன்னால்.

நீங்கள் அனுப்பிய இணைப்பைத் திறந்து பார்த்தேன். உங்கள் விஷயம் கடைசி வகை. டைட்டிலில் "விளையாட்டுப் போட்டி 2019" என்று இருக்கிறது, உள்ளே பெரிய தலைப்பில் இந்த வருடப் போட்டி. பழைய பக்கத்தைப் பிரதி எடுத்து உள்ளடக்கத்தை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள், டைட்டில் பெட்டியைத் தொடவில்லை. இரண்டையும் ஒத்துப் போகச் செய்யுங்கள், எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கத் தேவையில்லை, ஒரே விஷயத்தைச் சொன்னால் சரி.

கேள்வி (திருகோணமலை நகரம்): ரியூசன் வகுப்புகள் நடத்தும் நிறுவனம் எங்களுடையது. டைட்டிலைத் தமிழில் எழுதுவதா ஆங்கிலத்தில் எழுதுவதா? ஐம்பது, அறுபது எழுத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள், தமிழில் எழுதினால் அது எப்படி? இன்னொரு விஷயம், எங்கள் துண்டுப்பிரசுரத்தில் இருந்ததைத் தளத்தில் அப்படியே ஒட்டினோம், டேப்பில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை தெரிகிறது.

பதில்: கடைசியை முதலில் பார்ப்போம், அதுதான் உயிர் போகிற விஷயம். உங்கள் துண்டுப்பிரசுரம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது. நம்முடைய அச்சகங்களில் இன்னும் நிறைய வேலை பாமினியில்தான் நடக்கிறது, அச்சுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பாமினியில் உள்ளே சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துக்களும் குறிகளும்தான், அவற்றின் மேல் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கிறது. எழுத்துரு இல்லாத இடத்தில் போர்வை விலகிவிடும். டேப்பிலும் கூகுளிலும் அந்த எழுத்துரு இல்லை, அதனால்தான் குப்பை. பக்கத்துக்குள் தமிழாகத் தெரிந்தாலும் கூகுளைப் பொறுத்தவரை அங்கே ஒரு தமிழ்ச் சொல்லும் இல்லை, நீங்கள் எத்தனை பக்கம் எழுதியிருந்தாலும் சரி. பாமினியை யூனிகோடுக்கு (எந்தக் கணினியிலும் தமிழாகவே சேமிக்கப்படுகிற பொது முறைக்கு) மாற்றித் தருகிற கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றி ஒட்டிய பிறகு ஒரு தடவை கண்ணால் வாசியுங்கள். மேற்கோள் குறி, அடைப்புக்குறி, நடுவில் வந்த ஆங்கிலச் சொற்கள் எல்லாம் மாற்றத்தில் சிதைந்து போகும். "ஔ" என்ற எழுத்தை "ஒ", "ள" என்று இரண்டாக அடித்திருந்தாலும் திருத்துங்கள், கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தாலும் கணினிக்கு அவை வேறு வேறு.

நீளம் பற்றி. கூகுள் எழுத்தை எண்ணுவதில்லை, திரையில் இருக்கிற அகலத்துக்குள் எவ்வளவு கொள்கிறதோ அவ்வளவைக் காட்டி மிச்சத்தைப் புள்ளி வைத்து வெட்டுகிறது. ஐம்பது, அறுபது என்பது ஆங்கிலத்துக்கு யாரோ போட்ட மட்டக் கணக்கு. தமிழ் எழுத்துக்கள் அகலம், "ணை", "ளௌ" எல்லாம் வந்தால் இன்னும் அகலம், ஆகவே தமிழில் அதைவிடக் குறைவாகத்தான் கொள்ளும். அதோடு, பிளக்இன்னில் வருகிற எழுத்துக் கணக்கையும் நம்ப முடியாது. "திருகோணமலை" நமக்கு ஆறு எழுத்து. கணினி உயிர்மெய்யில் மெய்யையும் குறியையும் தனித்தனியாக எண்ணுவதால் அதற்குப் பத்து. பிளக்இன்னில் பச்சை விளக்கு எரியவில்லை என்று நல்ல வாக்கியத்தைக் கொத்தி எடுக்காதீர்கள். முக்கியமானதை முதல் நாலைந்து சொல்லுக்குள் வைத்துவிட்டால் பின்னால் வெட்டுப்பட்டாலும் நட்டம் இல்லை. வெட்டுப்படுவது தோற்றத்துக்குத்தான், நீளமாக எழுதியதற்காக யாரும் தண்டிப்பதில்லை.

டிஸ்கிரிப்ஷனும் இதே கதைதான். 2017 கடைசியில் கூகுள் அந்த வரிகளை ஏறத்தாழ இரட்டிப்பாக நீட்டியது, ஆட்கள் விழுந்தடித்து எல்லாப் பக்கத்துக்கும் நீளமாக எழுதி முடித்தபோது 2018 மே மாதத்தில் மறுபடி சுருக்கிவிட்டது. எண்ணைத் துரத்தினால் இப்படித்தான்.

தமிழா ஆங்கிலமா என்றால், பக்கம் எந்த மொழியோ டைட்டிலும் அந்த மொழி. உள்ளே முழுக்கத் தமிழ், மேலே மட்டும் ஆங்கிலம் என்று வைத்தால், பக்கத்தின் மொழிக்கும் எழுத்துக்கும் பொருந்துகிற தலைப்பைக் கூகுள் தானே தேடி எடுத்துக்கொள்ளும். 2022 ஜூனில் இந்த மாற்றத்தை அறிவித்தார்கள். ஆனால் தமிழ்ப் பிள்ளைகளும் பெற்றோரும் தேடும்போது "ஓஎல் மெத்ஸ் க்ளாஸ்" என்று ஆங்கில எழுத்தில் அடிப்பதுதான் அதிகம், அதையும் கைவிட முடியாது. ஆங்கிலத்தில் ஒரு பக்கம் தனியாகச் செய்யுங்கள், சிங்கள மாணவர்களும் வருகிறார்கள் என்றால் சிங்களத்திலும் ஒன்று. மூன்று மொழியையும் ஒரே டைட்டிலில் கோடு போட்டுக் கோடு போட்டு அடைப்பதை நம் நாட்டில் நிறையப் பார்க்கிறேன், அரச அலுவலகப் பெயர்ப்பலகை மாதிரி. திரையில் முதல் மொழி மட்டும்தான் தெரியும், மற்ற இரண்டும் வெட்டுப்பட்டுப் போய்விடும்.

கேள்வி (நிலாவெளி): புறாமலைக்குப் படகு ஓட்டுகிறோம், ஸ்நோர்க்லிங் சாமான்களும் வாடகைக்கு உண்டு. தளத்தின் டைட்டில் "திருமலை படகுச் சவாரி 2023". தேடிப் பார்த்தால் திருப்பதி வருகிறது. இதை எப்படித் திருத்துவது?

பதில்: திருப்பதியோடு போட்டி போட்டு யார் ஜெயித்தார்கள்? நமக்குள் பேசும்போது திருமலை என்றால் நம்முடைய திருமலைதான். ஆனால் தேடுகிற உலகத்தில் திருமலை என்றால் வேங்கடமலை, அதற்கு அடுத்ததாக மதுரையில் நாயக்கர் மகால். டைட்டிலில் "திருகோணமலை" என்று முழுதாக எழுதுங்கள். "திருமலை" என்பதைப் பக்கத்தின் உள்ளே இயல்பாக வருகிற இடத்தில் எழுதினால் போதும். தீவுக்கும் அப்படித்தான். நாம் புறாமலை என்கிறோம், புறாத்தீவு என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள், வெளியூர்க்காரருக்குப் பிஜன் ஐலண்ட் என்றால்தான் தெரியும். டைட்டிலில் ஒன்று, டிஸ்கிரிப்ஷனில் மற்றது, உள்ளே மூன்றும். "புறாமலைப் படகுச் சேவை, ஸ்நோர்க்லிங் – நிலாவெளி, திருகோணமலை" என்று வைத்துப் பார்க்கலாம். வெளிநாட்டார்தான் உங்கள் பிழைப்பு என்றால் இதற்கு முன்னால் ஆங்கிலப் பக்கத்தை ஒழுங்கு செய்யுங்கள்.

அந்த 2023 ஐ இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வருடத்தைப் போட்டால் புதிதாகத் தெரியும் என்று யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள், அடுத்த வருடம் அதை மாற்ற மறந்தால் மூடிய கடை மாதிரித் தெரியும் என்பதைச் சொல்வதில்லை. வருடத்துக்குப் பதில் பருவத்தைச் சொல்லுங்கள், அது எந்த வருடமும் பழசாகாது. நம் பக்கத்துக் கடல் மே முதல் செப்டம்பர் வரை அமைதி, வாடைக்காலத்தில் படகு இறக்க முடியாது, தெற்கில் அதற்கு நேர்மாறு. இது வெளியூர்க்காரர் பலருக்குத் தெரியாது, டிசம்பரில் வந்து நின்று கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். டிஸ்கிரிப்ஷனில் "மே முதல் செப்டம்பர் வரை, காலை முதல்" என்று ஒரு துண்டு போதும். தேசியப் பூங்கா என்பதால் நுழைவுச்சீட்டுத் தனி, படகுக் கட்டணம் தனி என்பதையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். கரையில் வந்து சண்டை பிடிப்பது குறையும்.

கேள்வி (குச்சவெளி): கருவாடு இணையத்தில் விற்கிறோம். அறுபதுக்கு மேல் பொருட்கள். ஒவ்வொன்றுக்கும் டிஸ்கிரிப்ஷன் எழுத எனக்கு நேரமில்லை, எல்லாவற்றுக்கும் ஒரே வரியைப் போட்டிருக்கிறேன். பரவாயில்லையா?

பதில்: ஒரே வரியைப் போடுவதைவிட வெறுமையாக விடுவது மேல். வெறுமையாக இருந்தால் கூகுள் பக்கத்திலிருந்து ஏதாவது பொருத்தமாக எடுக்கும். நன்றாக விற்கிற பத்துப் பொருளுக்கு மட்டும் கையால் எழுதுங்கள், கருவாட்டு வகை, நிறை, உப்பு எவ்வளவு, மண் இல்லாமல் காயவைத்ததா, கொழும்புக்கு எத்தனை நாளில் போகும். மிச்சத்துக்குப் பிளக்இன்னில் ஒரு அச்சு வைத்துக்கொள்ளலாம், பொருளின் பெயர், நிறை, விலை தானாக நிரம்பும். டைட்டிலில் மட்டும் இந்தச் சலுகை இல்லை, அறுபதும் அறுபது விதமாக இருக்க வேண்டும். "கருவாடு – தரமான கருவாடு" என்று அறுபது தடவை எழுதினால் எது பாரை, எது சூடை என்று வாங்குபவருக்கும் தெரியாது, கூகுளுக்கும் தெரியாது.

கேள்வி (தம்பலகாமம்): டைட்டிலை மாற்றிவிட்டேன், கூகுளிலும் சரியாக வருகிறது. ஆனால் வட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பினால் பழைய தலைப்பும் பழைய படமும்தான் வருகிறது.

பதில்: வட்ஸ்அப், பேஸ்புக் எல்லாம் வேறு வரியைப் பார்க்கின்றன. ஓபன் கிராஃப் என்று பேஸ்புக் 2010 இல் கொண்டுவந்த டேக்குகள், அதில் தலைப்பு, விவரம், படம் மூன்றும் தனியாக இருக்கும். பிளக்இன்னில் சோஷியல் என்ற பகுதிக்குப் போய் அங்கேயும் மாற்றுங்கள். மாற்றிய பிறகும் பேஸ்புக்கில் பழையது வந்தால், அவர்களுடைய ஷேரிங் டிபக்கர் பக்கத்தில் முகவரியைக் கொடுத்து மறுபடி எடுக்கச் சொல்லலாம். வட்ஸ்அப்பில் கொஞ்ச நாள் பொறுக்க வேண்டியதுதான். நம் ஊரில் கூகுளைவிட வட்ஸ்அப் குழுக்களில்தான் வாடிக்கையாளர் அதிகம் வருகிறார், ஆகவே இந்த வேலையை இரண்டாம் பட்சமாக நினைக்காதீர்கள்.

கேள்வி (கந்தளாய்): எல்லாம் எழுதி முடித்தேன். எப்போது கூகுளில் மாறும்? மாறியதால் பயன் உண்டா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கூகுள் மறுபடி வந்து உங்கள் பக்கத்தைப் படித்த பிறகுதான் மாறும், அது சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். அவசரம் என்றால் சேர்ச் கொன்சோல் என்ற இலவசக் கருவியில் தளத்தைப் பதிவு செய்து, பக்கத்தின் முகவரியைக் கொடுத்து மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்கலாம். ஒரு தடவை கேட்டால் போதும், பத்துத் தடவை அழுத்தினாலும் வரிசையில் முன்னுக்குப் போகமாட்டீர்கள். அதற்கு முன் வேர்ட்பிரஸ் செட்டிங்ஸில் ரீடிங் பக்கத்தைத் திறந்து, தேடுபொறிகள் வர வேண்டாம் என்ற பெட்டியில் சரி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தளம் கட்டும்போது சரி போட்டுவிட்டு எடுக்க மறந்த தளங்கள் நிறைய. அது இருக்கும் வரை டைட்டில் எப்படி இருந்தாலும் பயனில்லை.

பயன் தெரிய, அதே சேர்ச் கொன்சோலில் பெர்ஃபோமன்ஸ் பகுதிக்குப் போங்கள். எந்தச் சொல்லைத் தேடியபோது உங்கள் பக்கம் எத்தனை தடவை காட்டப்பட்டது, எத்தனை பேர் அழுத்தினார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்று பக்கம் பக்கமாகத் தெரியும். இடம் நன்றாக இருந்து, நிறையத் தடவை காட்டியும் யாரும் அழுத்தாத பக்கம் இருந்தால் அதன் டைட்டிலையும் டிஸ்கிரிப்ஷனையும்தான் முதலில் திருத்த வேண்டும். காட்டப்படவே இல்லை என்றால் சிக்கல் வேறு இடத்தில், பக்கத்தில் எழுத்தே போதாமல் இருக்கலாம். ஒரே நேரத்தில் எல்லாப் பக்கத்தையும் மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். இரண்டு பக்கத்தை மாற்றி, தேதியைக் குறித்து வைத்து, ஒரு மாதம் விட்டு, முன் மாதத்தோடு ஒப்பிடுங்கள். நீங்கள் கந்தளாயில் நெல், விதை விற்பவர் என்பதால், விதைப்புக் காலத்தை அறுவடைக் காலத்தோடு ஒப்பிட்டுவிட வேண்டாம். போன வருடம் அதே மாதத்துக் கணக்கு இருந்தால் அதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.